படிப்பவரைப் படி

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் கட்டுரையும் வந்து சேர்ந்தன. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் குறியியல் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் வேலைக்கும் கூப்பிடுகிறது. எதற்குப் போகட்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பா போனில் கேட்டது இன்னும் நேரான கேள்வி: "ஏக்கா, இதப் படிச்சிட்டு வந்து இவ என்ன செய்யப் போறா?" இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறேன். போ என்பதுதான் உனக்கான பதில். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பாய். உன் அப்பாவுக்கான பதில் பின்னால் வருகிறது.

முதலில் உன் கட்டுரை. வண்ணார்பேட்டைச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை எடுத்துக்கொண்டு, நாயகனின் முறுக்கிய கை ஆண்மையின் குறி, பின்னால் எரியும் சிவப்பு புரட்சியின் குறி, ஓரத்தில் சின்னதாக நிற்கும் நாயகி அடக்கத்தின் குறி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நடை நன்றாக வருகிறது. ஆனால் அத்தனை பக்கத்திலும் அந்தப் போஸ்டரைப் பார்க்கிற ஓர் ஆள்கூட இல்லை. ஒட்டியவர் இல்லை, ரசிகர் மன்றத்துப் பையன் இல்லை, எதிரே பஸ்ஸுக்கு நிற்கும் பெண் இல்லை. பொருளெல்லாம் போஸ்டருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, நீ ஒருத்தி மட்டும் திறந்து எடுத்துத் தருகிறாய். இந்தத் துறைக்குள் நுழைகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரும் முதலில் வந்து நிற்கிற இடம் இது. அங்கேயே நின்றுவிட்டால் எதைப் பார்த்தும் எதையாவது சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. யாருக்கும் பயனும் இராது.

அதே போஸ்டரை ராத்திரியில் ஒரு மாடு வந்து கிழித்துத் தின்கிறது. மாட்டுக்கு அது மைதாப் பசை. அதில் நாயகனும் இல்லை, சிவப்பும் இல்லை. விளையாட்டுக்குச் சொல்வதாக நினைக்காதே. ஒரு பொருள் யாருக்கு எதுவாகிறது என்ற கேள்வி மனிதரோடு முடிவதில்லை. பண்பாட்டையும் சமூகத்தையும் இயற்கையையும் ஒரே படிப்புக்குள் கொண்டுவரக் குறியியல் துணிவதற்குக் காரணமும் அதுதான். மூன்றிலும் ஏதோ ஓர் உயிர், ஒன்றைக் கண்டு வேறொன்றைத் தெரிந்துகொள்கிறது.

ஆகவே விமானம் ஏறும்போது ஒரு கேள்வியைக் கையோடு எடுத்துக்கொள்: இது யாருக்குக் குறி? குறி என்ன சொல்கிறது என்பதெல்லாம் பிறகு. படிப்பவர் யார், எதைக் கொண்டு படிக்கிறார், அப்படிப் படிக்க அவரை யார் பழக்கினார்கள் என்பதை முதலில் கேள்.

முதல் வாரத்திலேயே இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒருவர் ஜெனீவாவின் ஃபெர்டினான் த சசூர். அவர் 1913-இல் இறந்தபின், மாணவர்கள் எழுதி வைத்திருந்த வகுப்புக் குறிப்புகளைத் தொகுத்து உடன்பணியாற்றியவர்கள் 1916-இல் நூலாக்கினார்கள். குறிக்கும் அது சுட்டும் கருத்துக்கும் இயல்பான உறவு கிடையாது, மற்றக் குறிகளிலிருந்து வேறுபடுவதால்தான் ஒரு குறிக்கு மதிப்பு வருகிறது என்பது அவர் பாடம். இதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். நம் தெருவில் ஒருவர் கறுப்பு உடையில் வருகிறார். 1940-களில் பெரியார் தம் தொண்டர்களுக்குத் தந்த நிறம் அது. கடவுள் இல்லை என்பவரின் நிறம். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவரின் நிறமும் அதுவே. ஒருவரை இன்னொருவராக நினைத்துத் தடுமாறுகிற ஆளை நான் பார்த்ததில்லை. துளசிமணி மாலை, செருப்பில்லாத கால், நெற்றி, மாதம் என்று பக்கத்தில் உள்ளவற்றோடு சேர்த்தே கறுப்பைப் படிக்கிறோம். கறுப்பு தனியாக நின்று எதையும் சொல்வதில்லை.

இன்னொருவர் அமெரிக்காவின் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914). பல்கலைக்கழகங்களில் நிலையான இடம் கிடைக்காமல், பென்சில்வேனியாவின் ஒரு மூலையில் வறுமையில் முடிந்த வாழ்க்கை. ஒப்புமையால் சுட்டும் படம், காரணத் தொடர்பால் சுட்டும் புகை, வழக்கத்தால் சுட்டும் சொல் என்று அவர் பிரித்த மூன்று வகையை எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள். அதைவிட முக்கியமானது, குறியை அவர் மூன்றின் உறவாகக் கண்டது. குறி ஒன்று, அது சுட்டும் பொருள் ஒன்று, அதைக் காண்பவரிடம் அது எழுப்பும் விளைவு ஒன்று. மூன்றாவது இல்லாவிட்டால் குறியே இல்லை. சசூர் மனிதர் வழக்கங்களோடு நின்றார். பியர்ஸின் வழியில் போனால் காய்ச்சலும் காலடித் தடமும் தேனீயின் ஆட்டமும் உள்ளே வந்துவிடும். உன் கட்டுரையில் விடுபட்டது அந்த மூன்றாவது.

டார்ட்டு உனக்குச் சரியான இடம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1632-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில், உயிர்களைப் பற்றி ஒருவரும் பண்பாட்டைப் பற்றி ஒருவருமாக, இந்தக் கேள்வியை மிகத் தீவிரமாகக் கேட்ட இருவரின் தடங்கள் இருக்கின்றன.

முதலாமவர் யாகோப் ஃபொன் யுக்ஸ்குல். 1864-இல் எஸ்டோனியாவில் பிறந்து, அங்கேயே விலங்கியல் படித்தவர். ஓர் உயிருக்கு எட்டுகிற உலகம் எது, அதில் எதெல்லாம் அதற்குக் குறி என்று கேட்டவர். அவர் சொன்ன உண்ணியின் கதை இன்றும் வகுப்புக்கு வகுப்பு சொல்லப்படுகிறது. செடியின் நுனியில் ஏறி ஒரு பெண் உண்ணி காத்திருக்கிறது. அதற்குக் கண் கிடையாது. பாலூட்டிகளின் தோலிலிருந்து கசியும் பியூட்ரிக் அமிலத்தின் வாடை வந்ததும் பிடியை விட்டு விழுகிறது. வெப்பம் பட்டால் சரியான இடத்தில் விழுந்துவிட்டோம் என்று தெரிகிறது. பிறகு முடியில்லாத தோலைத் தடவித் தேடிக் கடிக்கிறது. வாடை, சூடு, முடியில்லாத தோல். காட்டின் பச்சை, பறவையின் குரல், வருகிற விலங்கு மானா நாயா என்பது, எதுவும் அதன் உலகில் இல்லை. இரையே வராமல் 18 ஆண்டுகள் காத்திருந்த உண்ணிகள் ரோஸ்டாக் ஆய்வகத்தில் உயிரோடு இருந்தன என்றும் எழுதினார். அத்தனை காலமும் அவற்றுக்கு உலகில் எதுவும் நடக்கவில்லை.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று. எதை ஆராயப் போனாலும், உனக்குத் தெரிகிறதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, படிப்பவருக்கு எட்டுகிறதைப் பட்டியல் போடு. உன்னுடைய பட்டியலும் அவருடைய பட்டியலும் ஒன்றாக இருந்தால், நீ இன்னும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று வைத்துக்கொள்.

இங்கே நம் தமிழ்ப் பெருமையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். குறிஞ்சி என்றால் புணர்தல், நெய்தல் என்றால் இரங்கல். நிலமும் பூவும் பறவையும் மனநிலைக்குக் குறியாக நிற்கும் ஓர் இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. அங்கே போய் "இதெல்லாம் எங்களிடம் அப்போதே இருந்தது" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதே. அப்படிச் சொன்னால் தொல்காப்பியத்தையும் படித்ததாகாது, யுக்ஸ்குலையும் படித்ததாகாது. அதற்குப் பதிலாக உவமவியலை இன்னொரு முறை திறந்து பார். உவமையைச் சொல்பவர் யார் என்பதற்கேற்ப அங்கே எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளை வைத்தே உவமை வரவேண்டும். தோழி சொன்னால் அவர்கள் வாழும் நிலத்துப் பொருளைத் தாண்டக் கூடாது. கவிஞனுக்கு உலகம் முழுக்கத் தெரிந்திருக்கலாம். பாத்திரத்தின் வாயில் அவளுக்கு எட்டுகிற உலகம்தான் வரலாம். யாருடைய குறி என்று கேட்டுக் கட்டுப்படுத்துகிற இந்த ஒழுங்கு, திணைப் பட்டியலைவிட உனக்கு அதிகம் உதவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிப்பவரை நீ பார்க்கும்போது அவரும் உன்னைப் படித்துக்கொண்டிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டது. கேள்வி கேட்டால் விடைக்கேற்பக் குளம்பால் தரையைத் தட்டும். வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன். அவரிடம் மோசடி எதுவும் இல்லை என்று 1904-இல் ஒரு குழுவும் சொல்லிவிட்டது. பிறகு ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலை அவரை அறியாமலே மிக லேசாக அசைகிறது; குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. ஃபுங்ஸ்ட் தம் ஆய்வை 1907-இல் வெளியிட்டார். ரகசியம் தெரிந்த பிறகும் அந்த அசைவை அவரால் முழுக்க அடக்க முடியவில்லை.

ஹான்ஸை மக்கு என்று சிரிக்கிறவர்கள் கதையைத் தவறவிடுகிறார்கள். அது எல்லாரையும்விட நுட்பமாகக் குறி படித்தது. எண்ணைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். விலங்குகளின் குறி வழக்குகளை ஒரு தனித்துறையாக்கிய தாமஸ் செபியோக், குரங்குகளுக்கு மனித மொழி கற்றுக்கொடுத்துவிட்டோம் என்றவர்களிடம் இந்தக் குதிரையைத்தான் காட்டுவார். நீ களத்துக்குப் போய்க் கேள்வி கேட்கும்போது, "இந்தக் கோலத்துக்கு ஆழமான அர்த்தம் இருக்குமே?" என்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டால், எதிரே இருக்கிற ஆச்சி உனக்கு வேண்டிய அர்த்தத்தைக் கொடுத்துவிடுவாள். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வராது.

இதெல்லாம் ஏட்டுப் படிப்பு என்று உன் அப்பா சொல்லக்கூடும். அவருக்கு இந்த இரண்டு சம்பவங்களைச் சொல்.

1987 செப்டம்பர். பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர்வீச்சு சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஓர் எந்திரத்தின் பாகத்தைக் கழற்றி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137. இருட்டில் அது நீலமாக ஒளிர்வதைக் கடைக்காரர் கண்டார். அரிய பொருள், ஒருவேளை தெய்விகமான பொருள் என்று வீட்டுக்குள் கொண்டுவந்தார். சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்துக் காட்டினார். அரிசி அளவு துணுக்குகளைப் பகிர்ந்து கொடுத்தார். சிலர் அதை உடம்பில் தடவிக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது.

நீல ஒளி இயற்பியல் தெரிந்தவருக்கு அபாயம். அந்த வீட்டாருக்கு அது அழகு, அதிசயம், கொடை. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று எண்ணிவிடாதே. அந்த வீட்டில்தான் ஒருவர் சரியாகப் படித்தார். பலருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு கெடுவதைக் கவனித்த கடைக்காரரின் மனைவி, காரணம் இந்தப் பொடிதான் என்று முடிவுகட்டி, அதைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய் சுகாதார அலுவலகத்தில் வைத்தார். ஊர் அந்த வாசிப்பால்தான் மேலும் கெடாமல் தப்பியது. இறந்த நால்வரில் அவரும் ஒருவர்.

கதிரியக்கத்தைச் சுட்ட உலகம் முழுதும் வைத்திருக்கும் மூவிதழ்ச் சின்னம் 1946-இல் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தது. அதில் அபாயத்தைக் காட்டும் எதுவும் இல்லை, தெரிந்தவருக்குத்தான் தெரியும். இதை ஒப்புக்கொண்டு பன்னாட்டு அணுசக்தி முகமை 11 நாடுகளில் மக்களிடம் கேட்டுச் சோதித்து, 2007-இல் புதிய சின்னம் ஒன்றைச் சேர்த்தது. அதில் மூவிதழோடு அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன். வரைந்தவர்கள் தங்கள் மூளையை மட்டும் நம்பாமல், படிக்கப் போகிறவர்களிடம் போனார்கள் என்பதைக் குறித்துக்கொள்.

இதைவிடக் கடினமான வேலை ஒன்று செபியோக்கிடம் வந்தது. அணுக்கழிவைப் புதைத்த இடத்தைத் தோண்டாதீர்கள் என்று 10,000 ஆண்டுகளுக்குப் பின் வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் குகைகளை நினைத்துப் பார். 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய எழுத்துகள், எழுதியதும் தமிழில். ஆனால் 1882-இல் ராபர்ட் சூவல் கண்டபோது ஊரில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவை தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924-இல். இடைப்பட்ட காலத்தில் அப்படிப்பட்ட குகைகளின் கல் படுக்கைகள் மக்களுக்குப் பஞ்சபாண்டவர் படுக்கை. கல் நிலைத்தது, எழுத்தும் நிலைத்தது. வாசிப்பு மட்டும் அறுந்துபோனது. செபியோக் 1984-இல் தந்த அறிக்கையில், எந்தக் குறியையும் தனியாக நம்பக்கூடாது, ஒரே செய்தியைப் பல வடிவங்களில் வைக்க வேண்டும், ஒவ்வொரு காலத்தவரும் அடுத்தவருக்காக அதைப் புதுப்பிக்க வேண்டும், கதைகளும் சடங்குகளும் கொண்டு அதைக் காக்கும் ஒரு குழு, ஒருவகை அணுப் பூசாரிகள், இருக்க வேண்டும் என்றார். கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள்.

இரண்டாவது சம்பவம் அந்தச் சிரிப்புக்குப் பதில். சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு. 1907-இல் அங்கே நில நடுக்கத்தைத் தொடர்ந்து வந்த பேரலை ஏராளமானோரைக் கொன்றது. தப்பியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்தார்கள். பூமி பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று பேரலைக்குக் காரணமான நில நடுக்கத்தின் மையம் அந்தத் தீவுக்கு அருகில்தான். அலை வர பத்து நிமிடங்கூட ஆகவில்லை. யாரோ ஸ்மோங் என்று கத்தினார்கள், எல்லாரும் ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். அன்று காலையில் தாய்லாந்துக் கடற்கரைகளில் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க மக்கள் இறங்கிப் போனார்கள். கடல் காட்டிய குறி ஒன்றுதான்.

இயற்கை எங்கே முடிகிறது, பண்பாடு எங்கே தொடங்குகிறது என்று உன் வகுப்பில் நீள நீளமாக விவாதிப்பார்கள். கடல் பின்வாங்குவது இயற்கை. அதைப் படிக்கும் வித்தையைத் தாலாட்டில் வைத்துக் கொடுத்தது பண்பாடு. ஒருவர் கத்தியதும் காரணம் கேட்காமல் ஊரே ஓடியது சமூகம். மூன்றில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த ஏழு என்ற எண் பல மடங்காகியிருக்கும். ஜப்பானில் இதைக் கல்லிலும் எழுதினார்கள். 1933 பேரலைக்குப் பின் அனேயோஷி கிராமத்தில், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று ஒரு கல் நட்டார்கள், ஊரார் மீறவில்லை, 2011-இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. அதே கரையோரத்தில் அப்படிப்பட்ட கற்கள் நிறைய உண்டு. அவற்றைத் தாண்டிக் கீழே வீடு கட்டிய ஊர்களும் உண்டு. கல்லைப் பற்றி மட்டும் எழுதுகிற ஆய்வாளருக்கு இந்த இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

டார்ட்டுவின் இரண்டாமவர் யூரி லோத்மான் (1922–1993). போர்முனையில் பீரங்கிப் படையின் தொலைபேசிக்காரராக இருந்து திரும்பி, லெனின்கிராடில் படித்து முடித்தபோது, யூதர் என்பதால் அங்கே அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1950-இல் சோவியத் நாட்டின் ஓரத்து ஊரான டார்ட்டுவுக்கு வந்தார். சோவியத் நாட்டில் குறியியல் என்று பெயர் போட்டு எதையும் நடத்துவது சந்தேகத்தைக் கிளப்பும் காலம். வேறொரு கரடுமுரடான பெயரைப் போட்டுக்கொண்டு, கேரிக்கு என்ற ஏரிக்கரையில் 1964-இல் கோடைப் பள்ளியைத் தொடங்கினார்கள். மாஸ்கோவின் மொழியியலாளர்களும் டார்ட்டுவின் இலக்கியக்காரர்களும் அங்கே கூடிப் பேசியதில்தான் ஒரு மரபு பிறந்தது. உயிர்கள் வாழ உயிர்க்கோளம் வேண்டியதுபோல, ஒரு குறி பொருள் தர அதைச் சூழ்ந்த குறிகளின் வெளி ஒன்று வேண்டும் என்று 1984-இல் எழுதினார் லோத்மான். அந்த வெளியின் எல்லையில்தான் மொழிபெயர்ப்பு நடக்கிறது, புதியவை பிறக்கின்றன என்றார். எல்லையிலேயே வாழ்ந்தவர் சொன்னது.

எல்லை எப்படியிருக்கும் என்று பார்க்க நம் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போனால் போதும். வெள்ளைப் புடவை இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைம்மையின் உடை. விக்டோரியா அரசி 1840-இல் வெள்ளையில் மணம் செய்துகொண்ட பிறகு ஐரோப்பாவில் பரவிய வழக்கம் மிஷனரிகளின் காலத்தில் இங்கேயும் வந்தது. இரண்டும் ஒரே தெருவில் மோதியிருக்க வேண்டும். மோதவில்லை. ஜரிகைக் கரை போட்ட வெள்ளைப் பட்டு, தலையில் மல்லிகை, கையில் பூச்செண்டு என்று மணப்பெண் கோயிலுக்குள் நடந்து வருகிறாள். எதிர்வீட்டு இந்துப் பாட்டிக்கும் அவள் மணப்பெண்ணாகவே தெரிகிறாள். அந்த ஜரிகையும் மல்லிகையும் செய்கிற வேலையை விளக்க முடிந்தால் லோத்மானை நீ புரிந்துகொண்டாய்.

இப்போது உன் அப்பாவின் கேள்வி. குறியியல் மட்டும் தெரிந்தவருக்கென்று வேலை கிடையாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடு. வடிவமைப்பு, அருங்காட்சியகம், சந்தை ஆய்வு, எச்சரிக்கைப் பலகை எழுதுவது, ஆசிரியப் பணி என்று இன்னொரு தொழிலோடு சேரும்போதுதான் அது சம்பளம் தரும். ஆகவே கூடவே ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள். சூழலியலோ, புள்ளியியலோ, கடல் அறிவியலோ, உன் விருப்பம்.

விளம்பர வேலையை நான் வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். பொய் சொல்லப் பயன்படக்கூடிய எல்லாவற்றையும் ஆராய்கிற துறை இது என்றார் உம்பர்த்தோ எக்கோ. வரலாற்றில் யாரோ சிலரின் வசதிக்காக உண்டான ஒன்றை, இயல்பே அப்படித்தான் என்று காட்டுகிற வித்தையை ரோலான் பார்த் 1957-இல் சலவைத் தூளையும் மல்யுத்தத்தையும் வைத்துத் தோலுரித்தார். அந்த வித்தையைத் தோலுரிக்கவும் பழகலாம், விற்கவும் பழகலாம். இரண்டுக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். 1975-இல் இந்தியாவில் வந்த சிவப்பழகு கிரீம் 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-இல் உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியதும் பெண் பார்க்க வருகிறவர்களின் கண் மாறியதா என்று கேட்க நிறுவனம் உனக்குச் சம்பளம் தராது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிறகு விளம்பர வேலைக்குப் போவதானால் போ, தடுக்கமாட்டேன்.

நடைமுறைக்குச் சில சொல்கிறேன்.

உன் வாசிப்பு எப்போது தவறாகும் என்பதை நீயே முன்கூட்டி எழுதி வை. போஸ்டரின் சிவப்பைப் பச்சையாக மாற்றிச் சிலரிடம் காட்டு. அவர்கள் சொல்வது மாறாவிட்டால் சிவப்பைப் பற்றி நீ எழுதியதை அடித்துவிடு. தோற்க வழியில்லாத வாசிப்பை ஆய்வு என்று அழைக்க வேண்டாம்.

எல்லாமே குறி என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், எது குறியில்லை என்று மரியாதையோடு கேள். பதில் சொல்லத் திணறினால் அவர் வகுப்பில் குறிப்பு எடுப்பதைக் குறைத்துக்கொள்.

எஸ்டோனிய மொழியைக் கடையில் பேசுமளவுக்காவது கற்றுக்கொள். ரஷ்ய மொழியை வாசிக்குமளவுக்குக் கற்றுக்கொள். லோத்மான் எழுதியதில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு டார்ட்டுவில் இரண்டு வருடம் இருந்தால், ஊருக்கே போகாமல் ஊரைப் பற்றி எழுதுகிறவளாக ஆகிவிடுவாய்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு என்ன என்று இப்போதே கவலைப்பட்டிருக்கிறாய். படிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிற ஒன்றை எடு என்பது என் யோசனை. உவரி, இடிந்தகரைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயரும் குணமும் உண்டு. நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் பறவை இறங்கும் விதத்தையும் வைத்து மீன் இருக்கும் இடத்தைக் கணிப்பார்கள். கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் தூரத்து மலையையும் நேர்வைத்து நடுக்கடலில் இடம் குறிப்பார்கள். இப்போது கையில் ஜிபிஎஸ் இருக்கிறது. பழைய வித்தையில் எது போய்விட்டது, எது கருவியோடு சேர்ந்து வேறு உருவம் எடுத்திருக்கிறது, இருபது வயதுப் பையன் எதைப் படிக்கிறான், அவன் தாத்தா எதைப் படித்தார் என்பதை ஒருவர் பொறுமையாக எழுத வேண்டும். கடலும் இதில் இருக்கிறது, ஊரும் இருக்கிறது, வாயில் வழங்கும் சொல்லும் இருக்கிறது. அழிகிறதே என்று ஒப்பாரி வைக்காமல், யார் யாருக்கு எதைக் கைமாற்றினார்கள் என்று மட்டும் பார்த்து எழுது.

உவரியில் எனக்குத் தெரிந்த வள்ளக்காரர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது கூட்டிப்போகிறேன். அவர்கள் கரை சேரும் நேரத்துக்கு நாம் அங்கே இருக்க வேண்டுமானால் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிவரை தூங்கும் வழக்கத்தை அதற்குள் விட்டுவிடு.

அன்புடன்,
அத்தை